தூரம் வேறு, நேரம் வேறு

மதுரையிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம் என்று இன்று வினவினால், “ஒரு மணி நேரம்” என்றே பலரும் விடை பகர்வர். தூரத்தை நேரத்தால் கூறும் இவ்வழக்கம் புதியதன்று. சுமையேற்றிய ஒட்டகம் ஒரு நாளில் கடக்கும் வழியை அரபு நூல்கள் ‘மர்ஹலா’ என்றன. நம் முன்னோரும் நாளைக் கொண்டே நிலத்தை அளந்தனர்.

ஆயின், அவ்வளவை கடல் மதித்ததில்லை. மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டையொட்டி மாலத்தீவிலிருந்து மஃபர் எனப்பட்ட நம் கரைக்குக் கப்பலேறினார். மூன்று நாள் வழி அது. வழியறிந்த மாலுமி இல்லாமையால் ஒன்பதாம் நாளில் அவர் கண்ட கரையோ இலங்கை! அங்கிருந்து மீண்டும் புறப்பட்டபோது, மஃபர் கரையருகே கப்பல் புயலில் சிக்கியது. உயிர் தப்பிக் கரையேறியவர், மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியைக் கண்டார். பின்னர் அவர் மதுரையை அடைந்தபோது ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது.

1914ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை இரயில், தலைமன்னார் வரை கப்பல், மீண்டும் இரயில் எனக் கொழும்புப் பயணம் ஒழுங்குபெற்றது. கடல்வழி ஏறத்தாழ 35 கிலோ மீட்டரே. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980களின் முற்பகுதியில் இலங்கைப் போரால் நின்றது. கொழும்புக் கடைகளில் பிழைத்த மக்களுக்கும் இங்கிருந்த குடும்பங்களுக்கும் இடையே குறுகிய கடல் பெருங்கடலாயிற்று.

2012 செப்டம்பரில் மதுரைக்கும் கொழும்புக்கும் நேர் விமானம் பறந்தது. இரு நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கிலோ மீட்டர். பறக்கும் நேரம் சுமார் ஒரு மணி. ஆனால் யானைமலை அடியிலுள்ள ஒத்தக்கடைவாசி, நகரின் மறுபுறத்திலுள்ள விமான நிலையத்துக்குச் சுமார் 20 கிலோ மீட்டர் செல்ல வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கிருக்க வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கியபின் கொழும்புக்கு மேலும் 30 கிலோ மீட்டர். வீட்டிலிருந்து வீடுவரை கணக்கிட்டால் ஆறேழு மணி நேரமாகும்.

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்று கருதத்தக்கது. “ஒரு மணி நேரப் பயணம்தானே, கஸ்று தொழலாமா?” என்று சிலர் ஐயுறுகின்றனர். ஷாபிஈ மத்ஹபில் கஸ்றுக்குரிய தூரம் இரண்டு மர்ஹலா, அதாவது ஏறத்தாழ 80 கிலோ மீட்டர். ஹனபி மத்ஹபில் மூன்று நாள் நடைவழி. ஹிஜ்ரி 676ல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், கடலில் அத்தூரத்தை ஒருவன் சிறுபொழுதில் கடந்தாலும் அவனுக்குக் கஸ்று உண்டு என்று தம் ‘மின்ஹாஜ்’ நூலில் கூறிச் சென்றார்கள். நீராவிக் கப்பலும் விமானமும் தோன்றுமுன்னரே தூரத்தையும் நேரத்தையும் பிரித்தறிந்த நுண்மை அது. கொழும்பு வழியோ ஒன்பது மர்ஹலாவுக்குச் சற்றேறக்குறைய நிகர். எனவே ஐயத்துக்கே இடமில்லை.

விரைவின் அருமை வேறிடத்தில் உள்ளது. தந்தியும் கப்பலும் இருந்த நாளில், தந்தையின் மறைவு கேட்டுப் புறப்பட்ட மகன் வந்து காண்பது பெரும்பாலும் கபுறையே. இன்று விமானம் வாய்த்தால் ஜனாஸாத் தொழுகையில் நிற்கலாம். தூரம் குறையவில்லை. குறைந்த நேரத்தை உறவைச் சேர்ந்து வாழப் பயன்படுத்துகிறோமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.