‘அழித்தல்’ என்னும் சொல்

பலகையில் எழுதியதைத் துடைப்பதற்கும் ஓர் ஊரைப் பாழாக்குவதற்கும் தமிழில் ‘அழித்தல்’ என்ற ஒரே சொல்லை வழங்குகிறோம். கைப்பொருளைச் செலவிடுவதும் ‘செலவழித்தல்’தான்! திருத்தணி வட்டாரம் 1960-இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. அவ்வட்டாரத்து நெசவூராகிய நம் பொதட்டூர்பேட்டைப் பக்கம் தெலுங்கும் காதில் விழும். அம்மொழியின் ‘செருபு’ என்ற சொல்லுக்கும் (காலணி அன்று) கெடுத்தல், எழுத்தை நீக்குதல் என்னும் இரு பொருளும் உண்டு.

ஓலையில் எழுத்தாணி கீறியதைத் துடைக்க இயலாது. நீக்க வேண்டின் ஓலையையே புண்படுத்த வேண்டும். ஆகவே முன்னோரின் சொல் பொருத்தமானதே. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் ‘சுரண்டி எடுத்தல்’ என்றே பொருள்படும். பிள்ளைகள் கையிலுள்ள ரப்பரோ தேய்த்தலால் பெயர் பெற்றது. பென்சில் கோட்டை நீக்க அப்பொருள் உதவுவதை 1770-இல் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிஞர் குறித்து வைத்தார். தேய்க்கும் துண்டுக்கு வந்த பெயரே பின்னர் மரத்துக்கும் ஆயிற்று.

அரபியில் நிலைமை வேறு. நாசமாக்குதல் ‘இஹ்லாக்’, எழுத்தை நீக்குதல் ‘மஹ்வு’. அர்ரஃது அத்தியாயத்தின் 39-ஆம் வசனத்தில் மஹ்வு, நிலைநிறுத்தலாகிய ‘இத்பாத்’துடன் இணைந்து வருகிறது. ஒன்றை நீக்குவதும் ஒன்றை நிறுத்துவதும் அங்கே ஒருங்கே பேசப்படுகின்றன. இவ்விடத்தில் ‘அழிக்கிறான்’ என்று மொழிபெயர்த்தால் மாணவர் செவியில் பாழாக்குதலே ஒலிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருநாமங்களுள் ஒன்றாகிய ‘அல்மாஹீ’யை வெறுமனே ‘அழிப்பவர்’ என்பதும் தகாது. இறைமறுப்பு அவர்களைக் கொண்டு நீக்கப்படுகிறது என்பதே ஹதீஸ் தரும் விளக்கம். ‘நீக்குதல்’ என்றே நாம் பாடம் சொல்லி வருகிறோம்.

இச்சொல் வரலாற்றில் அழுத்தமாக ஒலித்த இடம் ஹுதைபிய்யா. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு (628) உடன்படிக்கையை அலீ (ரலி) எழுதினார்கள். ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற தொடரைக் குறைஷியர் தரப்பில் வந்த சுஹைல் இப்னு அம்ர் ஏற்கவில்லை. அதை நீக்கும்படி நாயகம் (ஸல்) பணித்தார்கள். அலீ அவர்களுக்கோ கை வரவில்லை. உடனே அத்தொடர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, தம் திருக்கரத்தாலேயே அண்ணலார் அதை நீக்கினார்கள். ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது’ என்று அங்கே எழுதப்பட்டது. அந்தச் சுஹைலே மக்கா வெற்றிக்குப் பின் இஸ்லாத்தைத் தழுவினார்.