காபிக் கடை: கோப்பையில் இலாபம், கணக்கில் நட்டமா?

பெட்ரோல் நிலையங்களையும் தெருமுனைப் பலசரக்குக் கடைகளையும் நடத்திப் பழகிய பிரிட்டன்வாழ் தமிழர்களுக்கு, காபிக் கடை எளிதில் எட்டக்கூடிய அடுத்த தொழிலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. சில பென்ஸ் மதிப்புள்ள காபித்தூளும் சிறிது பாலும் மூன்றரை பவுண்டுக்கு மேல் விலைபோவதைப் பார்ப்பவர்கள், இதைவிட இலாபகரமான வணிகம் இருக்க முடியாது என்று எண்ணக்கூடும்.

ஆனால் ஒரு கோப்பையில் கிடைக்கும் இலாபம் வேறு. ஒரு கடையில் கிடைக்கும் இலாபம் வேறு. இந்த வேறுபாட்டைக் கணக்கிடாமல் இறங்கும் குடும்பங்கள், சேமிப்பை மட்டுமன்றி, சில வேளைகளில் குடியிருக்கும் வீட்டையும் பணயம் வைக்க நேரிடுகிறது.

லண்டனின் முதல் காபிக் கடை 1652ஆம் ஆண்டு கார்ன்ஹில் பகுதியில் பாஸ்குவா ரோசே என்பவரால் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பெருகிய கடைகளில் ஒரு பென்னி கொடுத்தவர் காபி அருந்தியபடி மணிக்கணக்கில் அமர்ந்து செய்தியும் வணிகமும் பேச முடிந்தது. அன்று முதல் இன்று வரை காபிக் கடை விற்பது காபியை மட்டுமல்ல, இடத்தையும் நேரத்தையும்தான். செலவின் பெரும்பகுதியும் அவற்றுக்கே போகிறது.

ஒரு கோப்பையின் கணக்கு

எடுத்துக்காட்டாக, 3 பவுண்டு 60 பென்ஸுக்கு விற்கப்படும் ஒரு லாட்டேயை எடுத்துக்கொள்வோம். இங்கு தரப்படும் விலைகள் கணக்கை விளக்குவதற்கானவை; இடத்துக்கு இடம் அவை மாறும்.

இதில் முதற் பங்கு அரசுக்குரியது. பிரிட்டனில் சூடான பானங்களுக்கு, கடையில் அமர்ந்து அருந்தினாலும் கையில் எடுத்துச் சென்றாலும், மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். விலைக்குள் அடங்கிய வரி அதன் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 பென்ஸ்.

கடைக்காரர் தாம் வாங்கும் பொருட்களுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பது பொது விதி. ஆனால் காபிக்கொட்டையும் பாலும் பூச்சிய வரி விதிக்கப்படும் உணவுப் பொருட்கள் என்பதால், அவற்றின் மீது கழித்துக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. ஊதியத்துக்கும் இவ்வரி கிடையாது. எனவே வசூலித்த வரியின் பெரும்பகுதியை அரசிடம் செலுத்தியாக வேண்டும்.

எஞ்சிய 3 பவுண்டில், 18 கிராம் காபிக்கு, கிலோ 20 பவுண்டு என்ற விலையில், 36 பென்ஸ். 200 மில்லிலிட்டர் பாலுக்கு 20 பென்ஸ். காகிதக் கோப்பை, மூடி, சர்க்கரை ஆகியவற்றுக்கு 14 பென்ஸ். அட்டை மூலம் பணம் பெறுவதற்கான கட்டணம் 5 பென்ஸ். மொத்தம் 75 பென்ஸ். ஆக, கடையில் தங்குவது 2 பவுண்டு 25 பென்ஸ்.

இந்தத் தொகையைத்தான் பலர் இலாபம் என்று கருதிவிடுகின்றனர். உண்மையில் வாடகையும் ஊதியமும் இதிலிருந்துதான் கொடுக்கப்பட வேண்டும்.

ஒரு வாரத்தின் கணக்கு

வாரத்தின் ஏழு நாட்களும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், எந்நேரமும் இரண்டு பேர் பணியில் இருக்கும் ஒரு சிறு கடைக்கு வாரம் 140 மணி நேர உழைப்பு தேவை. பிரிட்டனில் 21 வயதுக்கு மேற்பட்டோருக்கான சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம், 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12 பவுண்டு 71 பென்ஸ். சம்பளத்துடன் கூடிய விடுமுறை, ஓய்வூதியப் பங்களிப்பு, தேசியக் காப்புறுதி ஆகியவற்றையும் சேர்த்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 2,050 பவுண்டு.

வாடகை ஆண்டுக்கு 26,000 பவுண்டு என்றால் வாரத்துக்கு 500 பவுண்டு. மின்சாரம், வணிகக் கட்டட வரி, காப்பீடு, குப்பை அகற்றல், கணக்காளர் கட்டணம் ஆகியவற்றுக்கு 350 பவுண்டு. இயந்திரத்துக்கும் கடை அமைப்புக்கும் வாங்கிய கடனின் தவணை 150 பவுண்டு. மொத்தச் செலவு 3,050 பவுண்டு.

இதை ஈடுகட்ட வாரத்துக்குச் சுமார் 1,356 கோப்பைகள், அதாவது நாளொன்றுக்கு 194 கோப்பைகள் விற்க வேண்டும். காலை முதல் மாலை வரை மூன்று நிமிடங்களுக்கு ஒரு கோப்பை. மழை பெய்தாலும், பள்ளி விடுமுறை ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை தெரு வெறிச்சோடினாலும் சராசரி இதுவே. உரிமையாளருக்கான முதல் பென்னி 195ஆவது கோப்பையிலிருந்துதான் தொடங்குகிறது.

கேக், சான்ட்விச் போன்றவற்றைச் சேர்த்து விற்றால் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமிருந்தும் கிடைக்கும் தொகை உயரும். எடுத்துச் செல்லப்படும் குளிர்ந்த சான்ட்விச்சுக்குப் பொதுவாக வரி இல்லை. அதையே கடையில் அமர்ந்து உண்டால் 20 சதவீத வரி உண்டு. ஆயினும் மாலையில் எஞ்சி வீசப்படும் ஒவ்வொரு சான்ட்விச்சும், விற்ற காபியின் வருவாயைத் தின்றுவிடும்.

மறைந்திருக்கும் ஊதியம்

இத்தனை கோப்பைகள் விற்காத பல கடைகள் எப்படித் தாக்குப் பிடிக்கின்றன என்ற கேள்வி எழலாம். குடும்பத்தினரின் உழைப்பு கணக்கில் எழுதப்படாததே பெரும்பாலும் அதற்கான விடை.

மேற்கூறிய கடையில் கணவனும் மனைவியும் தலா 70 மணி நேரம் உழைத்து, வேறு எவரையும் பணிக்கு அமர்த்தவில்லை என்று கொள்வோம். ஊதியச் செலவு நீங்கிவிடுவதால் வாரச் செலவு 1,000 பவுண்டாகக் குறைகிறது. நாளொன்றுக்கு 100 கோப்பைகள் விற்றால் வாரத்துக்கு 575 பவுண்டு மிஞ்சும். கடை இலாபத்தில் நடப்பதாகத் தோன்றும்.

ஆனால் அந்த 575 பவுண்டை இருவரின் 140 மணி நேரத்துக்குப் பங்கிட்டால், மணிக்கு 4 பவுண்டு 11 பென்ஸ்தான். இது சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விடவும் குறைவு. வேறொருவர் கடையில் பணியாற்றியிருந்தால் அத்தம்பதியினர் மும்மடங்கு ஈட்டியிருப்பார்கள், விடுமுறையும் கிடைத்திருக்கும். அவர்களில் ஒருவர் நோயுற்றால், அன்றே கடையின் உண்மைக் கணக்கு வெளிப்பட்டுவிடும்.

விலையேற்றங்கள்

2024ஆம் ஆண்டு பிரேசிலில் ஏற்பட்ட வறட்சி உள்ளிட்ட காரணங்களால் அரபிக்கா காபியின் உலகச் சந்தை விலை, 1977ஆம் ஆண்டின் உச்சத்தைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் அது ஒரு பவுண்டு எடைக்கு 4 டாலரையும் கடந்தது.

எனினும் கோப்பைக் கணக்கில் இதன் விளைவு பலர் நினைப்பதை விடச் சிறியது. கடைக்காரர் வாங்கும் கொட்டை கிலோவுக்கு 6 பவுண்டு உயர்ந்தால், ஒரு கோப்பைக்குச் சுமார் 11 பென்ஸ் கூடுதலாகும். அதை ஈடுசெய்ய நாளொன்றுக்கு மேலும் பத்துக் கோப்பைகள் விற்க வேண்டும், அல்லது வரியையும் சேர்த்து விலையை 13 பென்ஸ் உயர்த்த வேண்டும்.

இதைவிட ஆழமானவை நிலையான செலவுகளின் உயர்வே. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் 12 பவுண்டு 21 பென்ஸாக உயர்ந்த அதே வேளையில், முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்புறுதி 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. இங்கிலாந்தில் இத்தகைய கடைகளுக்கு அளிக்கப்பட்டிருந்த கட்டட வரிச் சலுகையும் அப்போது 75 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் இச்செலவுகள் தொடரும்.

குத்தகையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

வணிகத்தை வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவு செய்தால், கடை மூடப்பட்டாலும் தமது சொந்தச் சொத்துக்குப் பாதிப்பு வராது என்று பலர் நம்புகின்றனர். ஆனால் புதிய நிறுவனங்களுக்குக் கட்டடத்தைத் தரும் உரிமையாளர்களும் கடன் தரும் வங்கிகளும், இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கோருவது வழக்கம். அதில் கையெழுத்திட்ட பின்னர், நிறுவனத்தின் கடன் குடும்பத்தின் கடனாகிவிடுகிறது.

பத்தாண்டுக் குத்தகையில் இடையில் விலகும் உரிமை இல்லையெனில், இரண்டாம் ஆண்டில் கடையை மூடினாலும் எஞ்சிய ஆண்டுகளின் வாடகைக்கான பொறுப்பு நீங்காது. கட்டடப் பழுது முழுவதையும் குத்தகைதாரரே சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் பரவலாக உள்ளது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், குத்தகையைப் புதுப்பித்துக் கொள்ளும் உரிமையை 1954ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பை விலக்கி எழுதப்படும் குத்தகைகளும் உண்டு.

மேலும், 2020 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் கடைகளும் காபிக் கடைகளும் ஒரே கட்டடப் பயன்பாட்டு வகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. இதனால் பொதுவாகத் திட்டமிடல் அனுமதி இன்றியே ஒரு துணிக்கடை காபிக் கடையாக மாற முடியும். நமக்கு எளிதான அந்த வழி, பக்கத்துக் கடைக்காரருக்கும் எளிதானதே.

கையெழுத்துக்கு முன்னர்

நடந்துகொண்டிருக்கும் கடையை வாங்குவோர், விற்பவர் சொல்லும் வாராந்திர வருவாயை மட்டும் நம்பக் கூடாது. மதிப்புக் கூட்டு வரிக்காக அவர் சமர்ப்பித்த கணக்குகளையும், அட்டை வழி வந்த பணத்துக்கான அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பணியாளர்கள் தமது பழைய பணி உரிமைகளுடனேயே புதிய உரிமையாளரிடம் வந்து சேர்வார்கள் என்பதையும் மறக்கலாகாது.

புதிதாகத் தொடங்குவோர், பார்த்துவைத்த இடத்தின் எதிரே வார நாள் ஒன்றிலும் வார இறுதியிலும் காலை முதல் மாலை வரை நின்று, கடந்து செல்வோரை எண்ணிப் பார்ப்பது நல்லது. அந்த ஆய்வுக்குச் செலவு எதுவும் இல்லை. நாளொன்றுக்கு 194 பேர் அந்தக் கதவைத் திறப்பார்களா என்பதே கேள்வி.

கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ நார்வேயிலோ வரி விகிதங்களும் குத்தகைச் சட்டங்களும் வேறுபடும். ஆனால் கணக்கின் அமைப்பு எங்கும் ஒன்றே. முதலில் உங்களுக்கும் உங்கள் குடும்பத்தினருக்கும் உரிய ஊதியத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். அதன் பின்னரும் ஏதேனும் மிஞ்சினால், அதுதான் இலாபம்.