கத்திக்கு எதற்குக் கைக்காப்பு?

நீதிமன்றச் செய்தி எழுதுவோர் அறிந்த ஒன்றுண்டு. கத்தியால் குத்தியவனின் உள்ளங்கையிலும் பல வேளைகளில் வெட்டுக்காயம் காணப்படும். சமையற்கத்தி எலும்பிற் பட்டு நின்றுவிடும். அதைப் பிடித்த கை நிற்பதில்லை. வழுக்கி அலகின்மீதே ஏறிவிடும். அலகும் பிடியும் சேருமிடத்தில் குறுக்காகப் பொருத்தப்படும் உலோகக் கைக்காப்பின் முதற்பயன் இதைத் தடுப்பதே. எதிராளியின் வாளைத் தடுப்பது இரண்டாவது பயன். பெருங்கத்திகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் கற்பனைப் பயன்.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் போவி கத்தி. 1827 செப்டெம்பர் 19ஆம் திகதி, நாச்செஸ் நகருக்கு அருகே மிசிசிப்பி ஆற்று மணல்திட்டு ஒன்றில் இருவர் துப்பாக்கிகளுடன் நேருக்கு நேர் நின்றனர். இருமுறை சுட்டும் எவருக்கும் காயமில்லை, கைகுலுக்கிச் சமாதானமாயினர். விவகாரம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் துணைக்கு வந்தவர்களிடையே பழம்பகை வெடித்தது. சுடப்பட்டும் வாட்கோலாற் குத்தப்பட்டும் வீழ்ந்த ஜேம்ஸ் போவி, தம்மிடமிருந்த பெருங்கத்தியால் நோரிஸ் ரைட் என்பவரைக் கொன்றார். கத்தி புகழ்பெற்றது.

அந்தக் கத்தியை வேட்டைக்காகத் தாமே செய்வித்ததாக அவரது சகோதரர் ரெசின் போவி 1838இல் எழுதினார். அலகின் நீளம் ஒன்பதேகால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம் என்பது அவர் தந்த கணக்கு. மணல்திட்டுக் கத்தி எங்கே போயிற்று என்பது எவருக்கும் தெரியாது. எனினும் ரெசின் பின்னர் பேட்டன் ரூஜ் நகரின் டானியல் சேர்ல்ஸிடம் செய்வித்துப் பரிசளித்த கத்தி எஞ்சியுள்ளது. வெள்ளி வேலைப்பாடு இருந்தாலும் வடிவத்தில் அது இறைச்சிக்கடைக் கத்தியையே ஒத்தது. கைக்காப்பு இல்லை!

பெரிய குறுக்குக் காப்பைப் பரப்பியதில் ஆங்கிலேய வணிகருக்குப் பெரும் பங்குண்டு. 1830களிலிருந்து ஷெஃபீல்ட் நகரப் பட்டறைகள் அமெரிக்கச் சந்தைக்குப் போவி கத்திகளை ஏராளமாக அனுப்பின. மறுபுறம் சட்டங்கள் வந்தன. அலபாமா 1837இல் இக்கத்தியின் விற்பனைக்கு நூறு டொலர் வரி விதித்தது; டென்னசி 1838இல் விற்பனையையே தடைசெய்தது. உள்நாட்டுப் போரின்போது (1861–65) தென்மாநில வீரர் பலர் விரல்களை மூடும் வளைவுக் காப்புடைய கனத்த கத்திகளைச் சுமந்து சென்றனர். நெடும்பயணத்தில் அவற்றை எறிந்துவிட்டோரும் பலர்.

அதே வளைவுக் காப்பு 1918இல் அமெரிக்கப் படையின் பதுங்குகுழிக் கத்தியில் மீண்டும் தோன்றியது. இம்முறை விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வளையம். பயங்கரமான தோற்றந்தான். ஆனால் ஒரே விதமாக மட்டுமே பற்றமுடியும், உறையிலும் இடஞ்சல். 1942இல் அமெரிக்க மரைன் படை ஏற்ற ஏழங்குல அலகுடைய கத்திக்கு, மேலும் கீழும் சிறிதே நீட்டிய எளிய காப்பே போதுமெனக் கண்டனர். சண்டைக்கு மட்டுமன்றிப் பெட்டி உடைக்கவும் குழி தோண்டவும் அது உதவவேண்டியிருந்தது.

காப்பு பெரிதாகப் பெரிதாக வேலை கெடும். மேற்பக்க நீட்டம், அலகின் முதுகில் பெருவிரலை வைத்து அழுத்தவிடாது. கீழ்ப்பக்க நீட்டம் பலகையில் இடிக்கும். கீழே மட்டும் நீட்டிய காப்பை வேட்டைக் கத்திகள் பல கொண்டிருப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம். பின்லாந்தின் மரபுவழிப் புக்கோவிலோ, கூர்க்கரின் குக்குரியிலோ காப்பே இல்லை. முன்னது சீவுவதற்கு, பின்னது வெட்டுவதற்கு. குத்துவது முதல் வேலையன்று என்பதால் கை முன்னே வழுக்கும் அபாயமும் குறைவு. எமது பாளைக்கத்தியும் கொடுவாக்கத்தியும் இந்த இனத்தவையே.

ஆயினும் மக்கள் மனத்தில் பதிந்தது பெரிய காப்புத்தான். 1952இல் அலன் லாட் நடித்த 'தி அயன் மிஸ்ட்ரஸ்' திரைப்படத்துக்கென உருவாக்கப்பட்ட கத்தி பின்னர் வேறு படங்களிலும் தலைகாட்டியது. இன்று போவி கத்தி என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் அந்தத் திரைப்படக் கத்தியின் வாரிசையே.

எமது நாட்டிலும் இரு வடிவங்களும் அருகருகே இருந்தன. கஸ்தானே எனும் குறுவாளுக்கு மகரத் தலைகளுடன் கூடிய காப்பு உண்டு. கண்டி மன்னர் பிரதானிகளுக்கு வழங்கிய, இடையிற் செருகும் பிஹா கெத்த கத்திக்கு அது கிடையாது. பிடியில் தந்தமும் வெள்ளியும் மின்னும். அதே உறையில் சிலவேளை ஓர் எழுத்தாணியும் இருக்கும்.