குடம் தூக்கலாமா? மார்பகப் புற்றுநோய்க்கு அப்புறம் உடற்பயிற்சி வந்த கதை

இன்னைக்கு ஒரு தடையோட வரலாறு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற பெண்களுக்கு ரொம்ப காலமா சொல்லப்பட்டது இது: "அந்தக் கையால கனம் தூக்காதீங்க." அம்பத்தூர் எஸ்டேட்ல நின்னுக்கிட்டே வேலை பாக்கிற ஒருத்தருக்கு, தண்ணி லாரி வந்தா குடம் தூக்கியே ஆகணும்ங்கிற வீட்டுல இருக்கிறவருக்கு, இது சாதாரண அட்வைஸ் இல்லை. வேலையே கையை விட்டுப் போற விஷயம்.

இந்தப் பயம் எங்க இருந்து வந்தது? 1880-கள்ல அமெரிக்காவுல வில்லியம் ஹால்ஸ்டெட்னு ஒரு சர்ஜன். அவர் பரப்பின முறையில மார்பகத்தோட நெஞ்சுத் தசை, அக்குள்ல இருக்கிற நிணநீர் முடிச்சுகள் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடுவாங்க. முடிச்சுகள் போனா கையில சேர்ற நிணநீருக்கு வடிகால் குறைஞ்சிடும். கை வீங்கும், சிலருக்கு வருஷங்கள் கழிச்சுக்கூட. அதனால கையை அதிகம் அசைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா பல பத்தாண்டுகளுக்கு அதை யாரும் சரியா சோதிச்சுப் பாக்கலை.

1952-ல நியூயார்க்ல தெரீஸ் லாஸர்னு ஒரு பெண்ணுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. அப்புறம் எப்படி வாழறதுன்னு சொல்லித்தர ஆளே இல்லை. அவரே 'ரீச் டு ரெகவரி'ன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, ஒரு கயிறும் ரப்பர் பந்தும் எடுத்துக்கிட்டு மத்த நோயாளிகளைப் போய்ப் பார்த்தார், கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க. சில டாக்டர்களுக்கு இது பிடிக்கவே இல்லை.

1996-ல கனடாவின் வான்கூவர்ல டான் மெக்கென்ஸிங்கிற டாக்டர், இந்த நோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகுல உக்கார வெச்சுத் துடுப்புப் போட வெச்சார். கைக்கு அதைவிடக் கடினமான வேலை என்ன இருக்கு? யாருக்கும் புதுசா வீக்கம் வரலை. 24 பேரை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுதான். ஆனா 2009-ல கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கை வீங்கின 141 பெண்களை வெச்சு ஒரு வருஷம் சோதிச்சது. பாதிப் பேர் வாரத்துக்கு ரெண்டு தடவை எடை தூக்கினாங்க. அவங்களுக்கு வீக்கம் கூடலை. திடீர்னு மோசமாகிறது, தூக்காதவங்கள்ல 29 சதவீதம் பேருக்கு. தூக்கினவங்கள்ல 14 தான். ஒண்ணு கவனிங்க: அவங்க பயிற்சியாளர் பக்கத்துல இருக்க, ரொம்ப லேசான எடையில ஆரம்பிச்சு மெதுவா கூட்டினவங்க.

இப்போ அந்தப் பயிற்சியாளர் வேலையை ஆப்கிட்ட குடுக்கப் பாக்கறாங்க. காரணம் புரியுது. ஆவடியில இருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகணும்னா சென்ட்ரல் வரைக்கும் ட்ரெயின், அப்புறம் பறக்கும் ரயிலோ பஸ்ஸோ. பிசியோதெரபிக்காக மட்டும் வாராவாரம் யார் போவாங்க?

ஆனா ஆப்களுக்குப் பிடிச்ச அந்த 10,000 அடி கணக்கு மருத்துவத்துல இருந்து வந்ததே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச அடுத்த வருஷம், 1965-ல, ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு கருவியோட பேரே 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மீட்டர். புற்றுநோயிலிருந்து மீண்டவங்களுக்கு 2019-ல சர்வதேச நிபுணர் குழு சொன்னது வேற: வாரத்துக்கு மூணு நாள், அரை மணி நேரம், மூச்சு கொஞ்சம் வாங்கற மாதிரி நடை. அதோட வாரத்துக்கு ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி. அசதியும் பதற்றமும் குறைய அது போதும்.

இன்னொரு சிக்கல், சொன்னா சிரிப்பீங்க. நைட்டியில பாக்கெட் கிடையாது. போன் ஃபிரிட்ஜ் மேல இருக்கும். வீடு பெருக்கி, மாடிப்படி ஏறி, துணி காயப்போட்டு முடிச்சாலும் ஆப் காட்டறது 300 அடி. குடத்துக்கு அதுல கணக்கே இல்லை. சோம்பேறின்னு ஒரு நோட்டிஃபிகேஷன் வேற!

நான் ஆப் செய்யறவனா இருந்தா அடியை எண்ண மாட்டேன். "இன்னைக்கு எந்தக் கையால குடம் தூக்கினீங்க, கை கனமா இருக்கா?"ன்னு தமிழ்ல, குரல்ல கேப்பேன். வீக்கம் தெரிஞ்சா யாரைக் கூப்பிடணும்னு ஒரு நம்பர் குடுப்பேன். அப்புறம், லாஸர் மாதிரி, அதே ஆபரேஷன் ஆன இன்னொரு பூந்தமல்லிக்காரரோட கோத்து விடுவேன், சாயங்காலம் சேர்ந்து நடக்க.