புரூஃபில் கையெழுத்திடுவது யார்?

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் ஆசிரியருக்கும் அச்சகத்துக்கும் நடுவே ஒரு தாள் போய்வந்து கொண்டிருந்தது. புரூஃப் என்று அதற்குப் பெயர். சொல் ஆசிரியருடையது; எழுத்தும் மையும் இயந்திரமும் அச்சகத்தாருடையவை. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை. ஆனால் ஆசிரியர் அத்தாளில் கையெழுத்திடாமல் இயந்திரம் ஓடாது. இரு தரப்பும் ஒன்றையே உற்றுப் பார்க்கும் இடம் அது ஒன்றுதான். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இணையதளம் என்ற புதிய அச்சகம் நிறுவனங்களுக்குள் நுழைந்தபோது அந்தத் தாள் காணாமற் போனது. தளத்தின் சாவி சந்தைப்படுத்தல் துறையிடம் இருக்க வேண்டுமா, தகவல் தொழில்நுட்பத் துறையிடம் இருக்க வேண்டுமா என்ற வழக்கு முப்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அலுவலக அரசியல் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனினும் சொல்லுக்குப் பொறுப்பு யார் என்ற பழைய கேள்வி இதற்குள் இருப்பதால், இதன் வரலாற்றைச் சற்று திரும்பிப் பார்ப்போம்.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவிக்கு ஒரு சிறப்பு உண்டு. அதில் பக்கத்தை வாசிக்கவும் முடியும், திருத்தவும் முடியும். எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே சாளரத்தின் முன் அமர்வார்கள் என்பதே அவருடைய எண்ணம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அதே ஆண்டில் மொசைக் உலாவி பரவியது. எழுத்தோடு படத்தையும் சேர்த்துக் காட்டிய அந்த உலாவியில் பக்கத்தைத் திருத்தும் வசதி இல்லை. எழுதும் வேலை வழங்கிக் கணினி இருந்த அறைக்குள் போயிற்று. அந்த அறையின் சாவி இயல்பாகவே பொறியாளரிடம் இருந்தது. யாரும் அவருக்கு அதிகாரம் அளித்துவிடவில்லை. அங்கே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நிறுவனங்களின் தலைமையோ அப்போது இதைப் பொருட்படுத்தவே இல்லை. எம்டிவி தொலைக்காட்சியின் தொகுப்பாளர் ஆடம் கரி 1993இல் எம்டிவி.காம் என்ற தளப்பெயரைத் தாமே பதிந்து, தம் செலவில் நடத்தினார். நிறுவனத்தாரிடம் சொன்னபோது அவர்கள் ஆட்சேபிக்கவில்லை என்பது அவர் தரப்பு வாதம். 1994இல் அவர் விலகியதும் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டு, பெயர் நிறுவனத்திடம் சேர்ந்தது. அதே 1994இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ்.காம் என்ற பெயரைத் தம் பெயரில் பதிந்துகொண்டு, அந்தக் கதையை 'வயர்ட்' இதழில் எழுதினார். நியூயார்க்கின் அரசுப் பள்ளி ஒன்றின் கணினி வசதிக்கு அந்நிறுவனம் நன்கொடை தந்த பிறகே பெயரை ஒப்படைத்தார். கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவிடும் நிறுவனங்களில், தம் பெயரைக் காப்பது எந்தத் துறையின் வேலை என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இக்காலத்தின் மனப்போக்கை உணர்த்தும் சிறு ஆவணம் ஒன்று உண்டு. 1997 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 2142, ஒரு நிறுவனம் வைத்திருக்க வேண்டிய பொது மின்னஞ்சல் முகவரிகளைப் பட்டியலிடுகிறது. 'மார்க்கெட்டிங்', 'சேல்ஸ்' ஆகியவை வணிகப் பணிகளின் பட்டியலில் உள்ளன. 'வெப்மாஸ்டர்' இருப்பதோ தொழில்நுட்பச் சேவைகளின் பட்டியலில், 'போஸ்ட்மாஸ்டர்' முதலியவற்றோடு. தளம் என்பது குழாயும் மின்கம்பியும் போன்ற ஒன்று என்ற எண்ணம் அவ்வரிசையிலேயே தெரிகிறது.

ஆனால் அதற்கு முன்பே காற்று திசை மாறியிருந்தது. 1994 அக்டோபரில் 'ஹாட்வயர்ட்' தளத்தில் பட்டை விளம்பரங்கள் தோன்றின. தளம் கடைவாசல் ஆயிற்று. வாசலில் என்ன எழுதுவது என்பதை வணிகம் அறிந்தவர்தானே முடிவு செய்ய வேண்டும்? ஒரு வரியைத் திருத்துவதற்கும் பொறியாளரின் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. சந்தைப்படுத்தல் துறையின் குறை நியாயமானது. பொறியாளரின் அச்சமும் நியாயமானதே. ஒரு கவனக்குறைவான மாற்றம் தளம் முழுவதையும் சாய்த்துவிடும். நள்ளிரவில் எழுப்பப்படுபவர் அவர்.

இருவரையும் ஒரு மேசையில் அமர்த்துவதற்குப் பதிலாக, இருவரும் சந்திக்கவே தேவையில்லாதபடி ஒரு கருவி செய்யப்பட்டது. உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்று அதை அழைக்கிறோம். 2001இல் ட்ரூபல், 2003இல் வேர்ட்பிரஸ் என அவை பெருகின. வார்ப்புருவைப் பொறியாளர் அமைப்பார். அதற்குள் சொல்லை மற்றவர் இடுவார். வார்த்தைகளைப் பொறுத்தவரை இது நல்ல தீர்வு. நம் போன்ற இலக்கியக் குழுவினர் எவர் தயவும் இன்றி எழுத முடிந்ததும் இதனால்தான்.

சிக்கல் வேறிடத்தில் வளர்ந்தது. விளம்பர அளவீட்டுக்கும் வாடிக்கையாளர் உரையாடலுக்குமாக, வெளி நிறுவனங்களின் நிரல்துண்டுகள் பக்கங்களில் குடியேறின. கூகுள் 2012 அக்டோபரில் வெளியிட்ட டேக் மேனேஜர், பொறியாளர் ஒருமுறை அடித்தளத்தை இட்டுவிட்டால் பிறகு அவரைக் கேட்காமலே இத்துண்டுகளைச் சேர்க்கவும் நீக்கவும் வழிசெய்தது. பார்வைக்கு இதுவும் உள்ளடக்கம் போலத்தான். ஆனால் ஒரு வாக்கியம் தாளில் கிடக்கும், நிரல் இயங்கும். பக்கத்தில் நேரடியாக இடம்பெற்ற நிரல்துண்டு, அப்பக்கத்தில் வாடிக்கையாளர் தட்டச்சு செய்வதையெல்லாம் வாசிக்க வல்லது.

இதன் விலை 2018இல் வெளிப்பட்டது. பிரிட்டனில் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம், இன்பென்டா என்ற வெளி நிறுவனத்தின் உரையாடல் நிரலைத் தன் பணம் செலுத்தும் பக்கத்திலும் வைத்திருந்தது. திருடர்கள் டிக்கெட்மாஸ்டரின் கதவைத் தட்டவே இல்லை. இன்பென்டாவின் இடத்திலிருந்த நிரலை மாற்றினார்கள்; அது அட்டை விவரங்களைக் கறந்து அனுப்பியது. பணம் செலுத்தும் பக்கத்தில் தம் நிரல் இடப்பட்டது தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்போம் என்றது இன்பென்டா. வங்கிகளிடமிருந்து எச்சரிக்கை வந்த பிறகும், அப்பக்கத்தின் வழியே செல்லும் போக்குவரத்தைக் கண்காணிக்கத் தொடங்க ஒன்பது வாரங்கள் ஆயின. ஐரோப்பாவில் 94 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று கணக்கிட்ட பிரிட்டன் தகவல் ஆணையர் அலுவலகம், 2020 நவம்பரில் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

உரையாடல் வசதி வேண்டும் என்று கேட்டவர் எந்தத் துறையினர் என்பது நமக்கு முக்கியமில்லை. அந்த ஒன்பது வாரங்களே முக்கியம். கருவிகள் இரு தரப்பையும் ஒருவரை ஒருவர் சாராதவர்களாக ஆக்கிவிட்டால், பக்கத்தை முழுமையாகப் பார்ப்பவர் என்று ஒருவரும் எஞ்சுவதில்லை.

அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பு 2022 மார்ச்சில் திருத்தி வெளியிடப்பட்டது. அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு விதி, பணம் செலுத்தும் பக்கத்தில் இயங்கும் ஒவ்வொரு நிரல்துண்டும் அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், மாற்றப்படவில்லை என்பது உறுதி செய்யப்பட வேண்டும், அது ஏன் தேவை என்பது எழுத்தில் பதியப்பட வேண்டும் என்கிறது. 2025 மார்ச் 31 முதல் அது கட்டாயமாயிற்று. தேவை ஏன் என்று சொல்லக்கூடியவர் வணிகம் அறிந்தவர். மாறவில்லை என்று சொல்லக்கூடியவர் பொறியாளர். தொலைந்த புரூஃப் தாள் முப்பது ஆண்டுகள் கழித்து வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே சாவி யாரிடம் என்ற வழக்கில் நம் தீர்ப்பு எளியது. சொல்லை அதை அறிந்தவர் தடையின்றி எழுதட்டும். இயந்திரத்தை அதை அறிந்தவர் காக்கட்டும். வாசகரின் கணினியில் போய் இயங்கும் எதுவும் இருவர் கையெழுத்தும் இன்றி வெளியேறக் கூடாது. அந்த ஒரு தாளுக்காகவாவது அவர்கள் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கும். அது கொஞ்சம் தாமதம்தான். புரூஃப் பார்த்த எந்தப் பத்திரிகைக்கும் அந்தத் தாமதம் பழக்கமானதே.