நெய்ம்மிதி: குதிரைக்குரிய கையுணவும் அயலார் குறிப்புகளும்

முன்னுரை

குதிரை புல்லுண்ணும் விலங்கு. எனினும் மனிதன் அதனைத் தன் இலாயத்தில் கட்டிய பின்னர்ப் புல்லோடு நின்றுவிடவில்லை. தன் அடுப்பில் வெந்ததையும் தன் கையால் பிசைந்ததையும் அதற்கு ஊட்டி வந்துள்ளான். நாள்தோறும் அளந்து வைக்கும் படி வேறு. சுவைக்காகவும் வலிமைக்காகவும் பழக்குவதற்காகவும் தனியே ஆக்கித் தரும் கையுணவு வேறு. இவ்விரண்டாவது வகை குறித்துத் தமிழ் இலக்கிய ஆய்வில் போதிய கவனம் செலுத்தப்படவில்லை. குதிரையின் நடை, நிறம், வேகம், வணிகம் ஆகியன பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதன் வாயில் இடப்பட்ட கவளத்தைப் பற்றி எழுதியோர் சிலரே.

13, 14 ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய அயலார், இந்நாட்டவர் குதிரைக்குச் சமைத்த உணவு கொடுத்ததை வியப்புடனும் இகழ்ச்சியுடனும் குறித்தனர். குதிரை பேணத் தெரியாதவர் தமிழர் என்னும் கருத்து அக்குறிப்புகளின் வழியே வரலாற்று நூல்களிலும் இடம்பெற்றது. அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைச் சங்க இலக்கியச் சான்றுகளோடும் பிற இந்தியச் சான்றுகளோடும் ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அயலார் குறிப்புகள்

மார்க்கோ போலோ 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டைக் கண்டவர். இந்நாட்டில் குதிரைகள் பிறப்பதில்லை என்றும், ஓர்மசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து அவை கடல் வழியே கொண்டுவரப்பட்டன என்றும் அவர் கூறுகிறார். அரசன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான். அவனுடைய உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர். ஆயினும் ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று. பேணும் முறை அறிந்தவர் இங்கில்லாமையே இதற்குக் காரணம் எனக் கூறும் அவர், அரிசியோடு சேர்த்து வேகவைத்த இறைச்சி குதிரைகளுக்கு ஊட்டப்பட்டதையும் குறிப்பிடுகிறார்.

பாரசீக வரலாற்றாசிரியரான வசாப் 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என அவர் குறிக்கிறார். பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும், நெய்யில் பக்குவப்படுத்திய தானியமும், காய்ச்சிய பசும்பாலும் குதிரைகளுக்குக் கொடுக்கப்பட்டன என்பது அவர் தரும் செய்தி. இதனை அவர் விந்தை என்றே குறிக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகம் 1939 இல் வெளியிட்ட, கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் தொகுத்த அயல்நாட்டார் குறிப்புகள் பற்றிய நூலின் வாயிலாக இத்தகைய செய்திகள் தென்னிந்திய ஆய்வாளரிடையே பரவலாக அறியப்பட்டன.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, வசாப் பாரசீகத்திலிருந்து எழுதியவர். வணிகர் வழிக் கேட்டவற்றையே அவர் பதிவு செய்தார் எனக் கொள்ள இடமுண்டு. மற்றொன்று, இவ்வணிகத்தில் குதிரையின் இறப்பு வணிகருக்கு இழப்பாக அமையவில்லை. கடலில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலம் விலை தரவேண்டும் என்பது ஒப்பந்தம் என வசாப்பே கூறுகிறார். குதிரை மருத்துவம் அறிந்தோர் மாபாருக்கு வாராதபடி வணிகர்கள் தடுத்தனர் என்று மார்க்கோ போலோவும் எழுதுகிறார். எனவே, அறியாமை பற்றிய இச்செய்தி பெரிதும் விற்றவர் தரப்பிலிருந்து வந்தது என்பதை மறத்தல் இயலாது.

சங்க இலக்கியத்தில் நெய்ம்மிதி

மார்க்கோ போலோவிற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் இவ்வகை உணவிற்குத் தனிப்பெயர் இருந்தது. அப்பெயர் நெய்ம்மிதி என்பதாகும். நெய் பெய்து மிதித்துப் பிசைந்த கவளம் என்பது இதன் பொருள். மிதித்தல் என்னும் தொழிலே உணவின் பெயராக நின்றமை நோக்கத்தக்கது. ஆக்குவோரின் உழைப்பு அப்பெயரிலேயே தங்கியுள்ளது.

நெய்ம்மிதி யானைக்கும் உரியது. சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டபோது உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்றுப் பாடலில் (44), நெற்கவளமும் நெய்ம்மிதியும் பெறாத யானைகள் துன்புறும் காட்சி இடம்பெறுகிறது. இரண்டும் தனித்தனியே சுட்டப்படுவதால், வயிறு நிறைக்கும் கவளம் வேறு, நெய் சேர்த்த சிறப்புணவு வேறு என்னும் பாகுபாடு அக்காலத்திலேயே இருந்தது எனக் கருதலாம். பெரும்பாணாற்றுப்படையில் யானைக்கென வைத்த நெய்ம்மிதிக் கவளத்தைச் சூல்கொண்ட மந்தி கவர்ந்து செல்கிறது. விலங்கிற்கென ஆக்கிய உணவு பிற விலங்கும் விரும்பும் சுவையுடையதாக இருந்தமையை இக்காட்சி உணர்த்துகிறது.

குதிரைக்குரிய நெய்ம்மிதியைக் காட்டும் பாடல் பொன்முடியார் பாடிய புறநானூறு 299 ஆகும். குதிரைமறம் என்னும் துறையில் அமைந்த இப்பாடல் இருவகைக் குதிரைகளை எதிரெதிரே நிறுத்துகிறது. ஒன்று, பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூர் மன்னனின் குதிரை. உழுந்தின் சக்கையை உண்டு தளர்ந்த நடையினது. மற்றொன்று, மருதநில ஊர்களையுடைய பெருமன்னரின் குதிரை. நெய்ம்மிதி உண்டு, கத்தரித்த பிடரிமயிருடனும் மாலையுடனும் விளங்குவது. போர்க்களத்தில் உழுந்துச் சக்கை உண்ட குதிரை, கடலைப் பிளந்து செல்லும் தோணிபோலப் படையைப் பிளந்து செல்கிறது. நெய்ம்மிதி உண்டதோ ஒதுங்கி நிற்கிறது.

இப்பாடலிலிருந்து இரு கருத்துகளைப் பெறலாம். முதலாவது, குதிரைக்கு நெய் சேர்த்து ஆக்கிய உணவு தருவது தமிழகத்தில் வேரூன்றிய வழக்கம். கடல்வழி வந்த குதிரையைக் கண்டு திகைத்துச் செய்த புதுமை அன்று. இரண்டாவது, அவ்வழக்கத்தின்மீதான ஐயமும் தமிழிலேயே எழுந்துள்ளது. உணவின் செழுமை குதிரையின் ஆற்றலாகிவிடாது என்று கூறுபவர் அயலார் அல்லர். தமிழ்ப் புலவரே ஆவார்.

பிற இந்தியச் சான்றுகள்

சமைத்த உணவைக் குதிரைக்கு அளித்தல் தமிழகத்திற்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. அர்த்தசாத்திரத்தின் குதிரைக் கண்காணிப்பாளர் பற்றிய இயல் முதல்தரக் குதிரைக்கு நாளொன்றுக்கு இரண்டு துரோணம் தானியம் விதிக்கிறது. நெல், யவம், தினை முதலியவற்றுள் ஒன்றை ஊறவைத்தோ வேகவைத்தோ தரலாம். வெந்த பயறும் உழுந்தும் தரலாம். இவற்றோடு ஒரு பிரத்தம் எண்ணெய், 5 பலம் உப்பு, 50 பலம் இறைச்சி, சுவைக்காக 5 பலம் வெல்லம், மது அல்லது பால் ஆகியன சேர்க்கப்படுகின்றன. மார்க்கோ போலோ கண்டு வியந்த இறைச்சியும் வசாப் வியந்த பாலும் இப்பட்டியலில் உள்ளன.

இங்கு அளவு முதன்மையானது. ஒரு துரோணம் 16 பிரத்தம் ஆதலின், 32 பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு எண்ணெயே சேர்க்கப்பட்டது. புல்லும் வைக்கோலும் தனியே விதிக்கப்பட்டன. இலாயத்துப் பணியாளர் வரிசையில் தீனி சமைப்பவன் ஒருவனும் குறிக்கப்படுகிறான். அவனுக்குப் பெயர் இல்லை; பணியே பெயர்.

1469 ஆம் ஆண்டளவில் தக்காணம் வந்த உருசிய வணிகர் அபனாசி நிகித்தின், தாம் கடல்வழிக் கொணர்ந்த குதிரையோடு சுன்னார், பீதார் ஆகிய ஊர்களில் தங்கியவர். அங்குக் குதிரைகளுக்குக் கடலை தரப்பட்டதையும், சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிச்சடி சமைத்து ஊட்டப்பட்டதையும் அவர் எழுதியுள்ளார். அக்பர் காலத்து அயினி அக்பரியில், அரசருக்குரிய குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழரைச் சேர் தீனியும், அதனுள் அடங்கிய இரண்டு சேர் மாவும் ஒன்றரைச் சேர் சர்க்கரையும், குளிர்காலத்தில் அரைச் சேர் நெய்யும் குறிக்கப்பட்டுள்ளன. குதிரையின் தரத்திற்கேற்ப இப்படி வேறுபட்டது. பெருமன்னரின் குதிரைக்கே நெய்ம்மிதி என்று பொன்முடியார் காட்டும் வேறுபாட்டை இதனோடு ஒப்பிடலாம்.

எளியோர் உணவு: கொள்

நெய்ம்மிதிக்கு மறுபுறத்தில் நிற்பது கொள். வரகு, தினை, அவரை ஆகியவற்றோடு கொள்ளையும் நால்வகை உணவுள் ஒன்றாகப் புறநானூறு 335 எண்ணுகிறது. வன்புல மக்களின் உணவாகிய அதுவே பிற்காலத்தில் தென்னாட்டுக் குதிரைகளின் முதன்மைத் தீனியாயிற்று. வடநாட்டில் கடலை பெற்ற இடத்தைத் தென்னாட்டில் கொள் பெற்றது. அதனை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுப்பது வழக்கம். கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்னும் பழமொழி, கையுணவைக் காட்டிக் குதிரையைப் பழக்கியோரின் நேரடிப் பட்டறிவிலிருந்து பிறந்தது எனலாம்.

மதிப்பீடு

இன்றைய கால்நடை அறிவியல் இவ்வுணவுகளை முற்றாகத் தள்ளவும் இல்லை. முற்றாக ஏற்கவும் இல்லை. குதிரையின் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. அதற்கு வாந்தியெடுக்க இயலாது. நார்ப்பொருள் பெருங்குடற் பகுதியில் நுண்ணுயிர்களால் செரிக்கப்படுகிறது. மாவுப்பொருள் மிகுந்து அங்குச் சென்றால் புளித்து, வயிற்றுச் சூலையும் குளம்பழற்சியும் தோன்றக்கூடும். அரிசிச் சோற்றை மிகுதியாக ஊட்டுவது இவ்வகையில் தீங்கானது. வளர்ந்த குதிரைக்குப் பாற்சர்க்கரை எளிதில் செரிப்பதில்லை. இறைச்சியும் அதற்கு இயல்பான உணவு அன்று. ஆனால் வாற்கோதுமையை வெப்பத்தால் பக்குவப்படுத்துவது அதன் மாவுப்பொருள் சிறுகுடலிலேயே செரிக்க உதவுகிறது. பித்தப்பை இல்லாதபோதும் ஓரளவு கொழுப்பைக் குதிரை செரிக்கும். வசாப் விந்தையெனக் கருதிய வறுத்த வாற்கோதுமையும் நெய்யும், அளவோடு இருப்பின், பிழையான உணவு ஆகா.

எனவே வினா உணவின் வகை பற்றியது அன்று, அளவு பற்றியதாகும். ஒத்த உணவு தக்காணத்திலும் வடஇந்தியாவிலும் வழங்கியிருக்க, மாபாரில் குதிரைகள் மாண்டதற்கு அதனை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது. கடற்பயணத்தின் களைப்பு, வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரைத் தட்பவெப்பம், மேய்ச்சல் நிலக் குறைவு, மருத்துவர் வருகையின்மை ஆகியனவும் சேர்த்து எண்ணத்தக்கன. புல் குறைந்த நாட்டில், சிறிதளவு தரவேண்டிய கையுணவு முழுப்படியின் இடத்தைப் பிடித்திருப்பின் அது தீங்காகவே முடிந்திருக்கும். இது ஊகமே ஆயினும், அறியாமை என்னும் ஒற்றை விளக்கத்தினும் சான்றுகளோடு மிகுதியும் ஒத்துச்செல்கிறது.

முடிவுரை

குதிரைக்குச் சமைத்த உணவு தருவது தமிழகத்தில் சங்க காலம் தொட்டு வழங்கியது. அது இந்தியாவெங்கும் பரவியிருந்த ஒரு மரபின் பகுதி. அம்மரபின் குறையைத் தமிழ்ப் புலவரே சுட்டியுள்ளார் என்பன இக்கட்டுரையால் பெறப்படுகின்றன. அயலார் குறிப்புகள் மதிப்புடையவை. ஆயினும் அவை எவர் வாய்மொழி, அச்செய்தியால் பயன்பெற்றவர் எவர் என்பனவற்றை வினவாமல் அவற்றை அளவுகோலாகக் கொள்ளுதல் தகாது. அவர்களுக்கு விந்தையாகத் தோன்றிய ஒன்றிற்கு நம் இலக்கியத்தில் பெயரும் இலக்கணமும் மறுப்பும் இருந்துள்ளன. அரசர் பெயரும் குதிரை விலையும் ஏடேறின. நெய்யை அளந்து ஊற்றிக் கவளம் பிசைந்தவரின் பெயர் எங்கும் இல்லை. அவர்தம் தொழிலறிவு மிதி என்னும் ஒரு சொல்லில் எஞ்சியுள்ளது. பழந்தமிழ்ச் சொற்களை இவ்வகையில் தொழில்வரலாற்றுச் சான்றுகளாக மீளவும் படிப்பது இன்றைய ஆய்வாளர் கடனாகும்.