கைரேகைச் சட்டம்: கம்பம் பள்ளத்தாக்கில் வழக்குத் தொடுத்தலும் பிறப்பு அடையாளமும்

ஒரு குற்ற வழக்கில் தீர்ப்புச் சொல்பவர் நீதிபதி. ஆனால் யார் மீது வழக்குப் போடுவது, எந்தப் பிரிவைச் சேர்ப்பது, பழைய தண்டனையை எடுத்துக்காட்டிக் கூடுதல் தண்டனை கேட்பதா வேண்டாமா என்பன அவர் முன் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. இம்முடிவுகளை எடுப்பவர்கள் காவல்துறையினரும் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களும் ஆவர். இதில் இனப்பாகுபாடு நுழைவது பற்றிய ஆய்வுகளை நாம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே படிக்கிறோம். நம் தேனி, கம்பம், உசிலம்பட்டிப் பகுதியில் அப்பாகுபாடு ஒளிந்திருக்கவில்லை. அரசிதழில் அச்சாகி, சட்டமாகவே நடைமுறையில் இருந்தது.

குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் இயற்றப்பட்டபோது வட இந்தியப் பகுதிகளுக்கே பொருந்தியது. சாதிக்கு ஒரு குலத்தொழில் இருப்பதுபோலத் திருட்டும் சிலருக்குக் குலத்தொழில் என்பது அதை இயற்றிய அதிகாரிகளின் நம்பிக்கை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. 1914இல் கீழக்குடிக் கள்ளர்கள் அதன்கீழ் வந்தனர். 1918க்குள் மதுரை மாவட்டப் பிரமலைக் கள்ளர் சமுதாயம் முழுவதும் அறிவிக்கப்பட்டுவிட்டது. தேனி அப்போது தனி மாவட்டம் அன்று. 1996 வரை மதுரையுடன் இருந்ததால் பள்ளத்தாக்கின் கள்ளர் குடியிருப்புகளும் இதில் அடங்கின. விரல் ரேகை பதிவு செய்ததால் மக்கள் இதற்கு வைத்த பெயர் 'கைரேகைச் சட்டம்' அல்லது 'ரேகைச் சட்டம்'.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. பிரமலைக் கள்ளரில் பலர் குடிகாவல் செய்தவர்கள். ஊரையும் களத்தையும் காத்து, அறுவடையில் பங்கு வாங்கினர். 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சம்பளப் போலீஸ் வந்தபின் காவலுக்கு வாங்கிய கூலி மிரட்டிப் பறித்த பணமாகப் பார்க்கப்பட்டது. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் கள்ளர் காவலை எதிர்த்து இயக்கமே நடத்தினார்கள். மாடு திருடுவதும், திருடிய மாட்டை மீட்டுத்தரத் 'துப்புக்கூலி' வாங்குவதும் நடந்தது உண்மைதான். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் திருடியவரைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. புதிய சட்டம் வந்தது திருடாதவரையும் பிடிப்பதற்காகத்தான்.

சட்டம் இயங்கிய முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்தார் வழக்கமாகக் குற்றம் செய்பவர்கள் என்று மாகாண அரசு 'நம்புவதற்குக் காரணம்' இருந்தால் போதும், அறிவிப்பு வெளியிடலாம். அந்த அறிவிப்புச் சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பெயர் பதிவானவர் குறித்த நேரத்தில் அதிகாரி முன் நிற்க வேண்டும். இரவைக் காவல் நிலையத்திலோ சாவடியிலோ கழிக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமான சூழலில் அகப்பட்டால், எதையும் திருடாமலேயே 3 ஆண்டு வரை சிறை. பதிவானவர் குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது 7 ஆண்டு, மூன்றாம் முறை ஆயுள்காலத் தீவாந்திரம். சிறப்புக் காரணம் காட்டினாலன்றி நீதிபதி இதைக் குறைக்க முடியாது.

இங்கேதான் வழக்குத் தொடுப்பவரின் கை ஓங்குகிறது. ஒரே திருட்டை இருவர் செய்திருக்கலாம். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குச் சில மாதச் சிறையோடு போகும். பெயர் உள்ளவரின் பதிவையும் பழைய தண்டனையையும் அரசுத் தரப்பு நீதிபதி முன் வைத்துவிட்டால் அது 7 ஆண்டாகிவிடும். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் அரசுக்காக நின்றவரும் பெரும்பாலும் போலீஸ் அதிகாரியே. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை அனுமதித்தது. புலனாய்வு செய்த அதிகாரி வாதாடக் கூடாது என்று விதி இருந்தது. அதே இலாகாவின் வேறொருவர் வாதாடலாம்! பதிவேட்டை எழுதுவதும் பிடிப்பதும் வாதாடுவதும் ஒரே இலாகாவின் வேலை. மாஜிஸ்திரேட் கோர்ட்டு அரசு வழக்கறிஞர் பணி போலீசிடமிருந்து பொது விதியாகப் பிரிக்கப்பட்டது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். நம் பேச்சில் திட்டாகிவிட்ட 'கேடி' என்ற சொல்லும் 'கே.டி.' என்ற போலீஸ் பதிவேட்டுச் சுருக்கத்திலிருந்து வந்ததே.

ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் இறந்தனர். எஞ்சியவர்கள் விலங்கிடப்பட்டுத் திருமங்கலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டதாக ஊரார் இன்றும் சொல்கிறார்கள். மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப் கள்ளர் பக்கம் நின்று இச்சட்டத்தை எதிர்த்தார். கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்த அவரை இம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவர் முதலானோரின் போராட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் 1952 ஆகஸ்ட் 31 வரை ஆனது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஜார்ஜியா மாநிலத்தில் 1970களின் கொலை வழக்குகள் 2,000க்கு மேல் எடுத்து டேவிட் பால்டஸ் குழு ஆராய்ந்தது. கறுப்பர் மீது குற்றச்சாட்டு, இறந்தவர் வெள்ளையர் என்ற வழக்குகளில் 70 விழுக்காட்டில் அரசு வழக்கறிஞர்கள் மரண தண்டனை கேட்டிருந்தனர். இரு தரப்பும் கறுப்பர் என்றால் 15 விழுக்காடு. வெள்ளையர் மீது குற்றச்சாட்டு, இறந்தவர் கறுப்பர் என்றால் 19. மெக்ளெஸ்கி வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் இக்கணக்கைப் பார்த்தும், அந்தக் குறிப்பிட்ட கைதிக்குப் பாகுபாடு நடந்ததாக இது நிறுவவில்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வுக்குப் பின், தன் வாக்கை மாற்றிக்கொள்ளலாமெனில் மாற்றுவேன் என்றார். அங்கே பாகுபாட்டைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இங்கே அரசிதழைப் புரட்டினாலே போதும். நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்கத்தான் வழியில்லை.

சட்டம் போனபின் பதிவேடு போகவில்லை. 'பரம்பரைக் குற்றவாளி' என்ற சொல் 'வழக்கமான குற்றவாளி' ஆனது. சென்னை மாகாணம் அதற்கென 1948இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கள்ளர் சமுதாயம் நிலத்தாலும் படிப்பாலும் அரசியலாலும் ஓரளவு மேலேறிவிட்டது. அதே பட்டியலில் இருந்த குறவர் போன்ற எளிய மக்களுக்குச் சந்தேக வழக்குகள் தொடர்ந்தன. கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993இல் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட குறவர் ஒருவர் இறந்தார். அவர் தப்பியோடிவிட்டதாகப் போலீஸ் சொன்னது. வழக்கறிஞர் கே.சந்துரு நடத்திய அந்த வழக்குதான் 'ஜெய்பீம்' படத்தின் கரு.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறை விதிகளிலுள்ள சாதிப் பாகுபாடுகளை உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. சீர்மரபினரைத் தான்தோன்றித்தனமாகக் கைது செய்யாதிருக்க, தன் முந்தைய வழிகாட்டுதல்களைக் காவல்துறை பின்பற்ற வேண்டும் என்றும் அத்தீர்ப்பிலேயே உத்தரவிட்டது.